திடப்படுத்தல் வகுப்புப் பிள்ளைகள் எழுதிப் போட்ட கேள்விகள்: என்ன பதில் சொல்லலாம்?

தேரிக்காட்டு டீச்சர்

எல்லாருக்கும் வணக்கம். தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத் பக்கம், தேரிக்காட்டை ஒட்டின ஒரு சேகரத்தில் (சில சபைகள் சேர்ந்த பங்கு) திடப்படுத்தல் வகுப்பு எடுக்கிறேன். எட்டாவது, ஒன்பதாவது படிக்கிற பிள்ளைகள். விசுவாசப் பிரமாணம், பத்துக் கட்டளை, கர்த்தருடைய ஜெபம் மூன்றும் தடங்கல் இல்லாமல் ஒப்பிப்பார்கள். பேராயர் வரும் நாளில் சபைக்கு முன்னால் நின்று "விசுவாசிக்கிறேன்" என்று அவர்கள் வாயாலேயே சொல்ல வேண்டும். மனதில் கிடக்கிற கேள்வியை ஒருமுறையாவது கேட்காமல் அந்த வார்த்தையைச் சொல்லக்கூடாது என்று எனக்குத் தோன்றியது. ஒரு அட்டைப்பெட்டி வைத்து, பெயர் போடாமல் எழுதிப் போடச் சொன்னேன்.

வந்ததில் சில, அவர்கள் எழுதினபடியே:

"கடவுள் ஒருத்தரா, மூணு பேரா?"

"இயேசு நிஜமாவே இருந்தாருன்னு பைபிளைத் தவிர வேற எதுலயாவது இருக்கா?"

"உவரில அந்தோணியார்ட்ட கேக்காங்க. நம்ம கோயில்ல ஏன் கேக்க மாட்டோம்?"

"பக்கத்து வீட்டு ஆச்சி அம்மன் கோயிலுக்குப் போவாங்க. அம்மா வேலைக்குப் போனதால அவங்கதான் என்னை வளத்தாங்க. அவங்க நரகத்துக்குப் போவாங்களா?"

"வேதத்துல எல்லாரும் ஒண்ணுன்னு இருக்கு. அப்ப ஏன் கல்யாணத்துக்கு சாதி பாக்காங்க?"

கடைசியாக ஒன்று: "அப்பாவுக்காக எல்லாரும் உபவாசம் இருந்து ஜெபிச்சோம். அப்பா செத்துட்டாங்க. நாங்க சரியா ஜெபிக்கலையா?"

எழுத்தைப் பார்த்ததும் யார் என்று தெரிந்துவிட்டது. "கர்த்தருடைய சித்தம்" என்று ஒரு வரியில் அந்தப் பையனை அனுப்பிவிட எனக்கு மனமில்லை. எந்தச் சபையானாலும், எந்த மதமானாலும், நம்பிக்கையே இல்லாதவர்களானாலும் உண்மையாகத் தோன்றுவதை எழுதுங்கள்.

சீயோன் சகோதரன்

டீச்சருக்கு ஸ்தோத்திரம். நான் பெந்தெகொஸ்தே சபை, வண்ணார்பேட்டை. கடைசிக் கேள்வியில் இருந்தே தொடங்குகிறேன்.

ஜெபத்தில் சுகம் கிடைக்கிறது என்பதை நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. எங்கள் அம்மா படுத்த படுக்கையாகக் கிடந்து எழுந்ததை வீடே பார்த்தது. விசுவாசமுள்ள ஜெபம் பிணியாளியை இரட்சிக்கும் என்று யாக்கோபு 5-ம் அதிகாரம் தெளிவாகச் சொல்கிறது. சுகம் தாமதித்தால் நம்மை நாமே ஆராய்ந்து பார்ப்பதும் வேதம் சொல்கிற வழிதான். பிள்ளைகளுக்கு விசுவாசத்தைக் குறைத்துச் சொல்லிக்கொடுத்தால், நாளைக்கு அவர்கள் ஜெபிக்கவே மாட்டார்கள். அதுதான் என் பயம்.

வார்டு அக்கா

தம்பி, உங்க அம்மா எழுந்து நடந்ததுக்கு நானும் கர்த்தருக்கு நன்றி சொல்லுதேன். ஆனா "ஆராய்ந்து பார்" என்கிற வார்த்தையை ஒரு பிள்ளைகிட்ட சொன்னா அது எங்க போய் நிக்கும்னு நான் பாத்திருக்கேன்.

பாளையங்கோட்டையில ஒரு ஆஸ்பத்திரியில நர்ஸா இருக்கேன். புருஷன் போன ராத்திரி வெளி வராண்டாவுல உக்காந்து ஒரு பெண், "சிஸ்டர், நேத்து மத்தியானம் தலை சுத்துதுன்னு ஒரு வாய் காப்பி குடிச்சி உபவாசத்த முறிச்சிட்டேன். அதனாலயா?" என்று கேட்டுச்சு. இன்னொருத்தர், ஒரு கூட்டத்துல "மருந்து எடுக்கிறது அவிசுவாசம்"னு கேட்டுட்டு இன்சுலினை நிறுத்தி, நினைவில்லாம வந்தார். அவர் பிழைக்கலை. வீட்டுக்காரங்க கடைசி வரைக்கும் தங்களைத்தான் குற்றம் சொல்லிக்கிட்டாங்க. சாவுத் துக்கத்துக்கு மேல இப்படி ஒரு பாரத்தையும் சுமக்க வைக்கிறது கொடுமை. அந்தப் பையன் மேல அது ஏறக்கூடாது.

வேதத்துலயே பாருங்க. பிறவிக் குருடனைப் பாத்து சீஷர்கள் இதே கேள்வியைத்தான் கேக்காங்க: இவன் செய்த பாவமா, பெத்தவங்க செய்த பாவமா? ரெண்டும் இல்லைன்னு இயேசு சொல்லிட்டார் (யோவான் 9). சீலோவாம் கோபுரம் விழுந்து 18 பேர் செத்தப்ப, அவங்க மத்தவங்களை விடப் பாவிகளான்னு அவரே கேட்டு, இல்லைன்னு அவரே பதிலும் சொன்னார் (லூக்கா 13). பவுல் மூணு தரம் வேண்டிக்கிட்டும், தன் மாம்சத்துல ஒரு முள்ளுன்னு அவர் சொன்ன வேதனை போகலை. கிடைச்ச பதில் "என் கிருபை உனக்குப்போதும்".

எல்லாத்துக்கும் மேல, சிலுவைக்கு முந்தின ராத்திரி கெத்செமனே தோட்டம். "இந்தப் பாத்திரம் நீங்கட்டும்"னு இயேசுவே ஜெபிச்சார். நீங்கலை. அவருக்கு விசுவாசம் குறைவுன்னு யாராவது சொல்லுவாங்களா?

நம்ம ஊருக்குப் பக்கத்துல ஒரு சாட்சியும் இருக்கு. டோனாவூர்ல மிஷனரியா இருந்த ஏமி கார்மைக்கேல் அம்மா 1931-ல கீழ விழுந்தாங்க. அதுக்குப் பிறகு 1951-ல இறக்குற வரைக்கும் பெரும்பாலும் அறையிலும் படுக்கையிலும்தான். சுத்தி இருந்தவங்க எல்லாரும் ஜெபிக்கிறவங்கதான். கோயில்களுக்கு விடப்பட இருந்த பெண் பிள்ளைகளை எடுத்து வளர்த்த அந்த அம்மாவுக்கே முழுச் சுகம் வரலை. எத்தனையோ எழுத்து அந்தப் படுக்கையில இருந்து வந்திருக்கு.

டீச்சர், அந்தப் பையன்ட்ட முதல்ல ரெண்டு வார்த்தை சொல்லுங்க: "நீ சரியாத்தான் ஜெபிச்ச." மிச்சத்தைப் பிறகு பேசலாம்.

சீயோன் சகோதரன்

அக்கா, நீங்கள் எழுதியதை இரண்டு தடவை படித்தேன். மருந்தை நிறுத்தச் சொல்லும் ஊழியத்தை நானும் ஒத்துக்கொள்வதில்லை. லூக்கா வைத்தியன் என்று பவுலே எழுதுகிறார். எங்கள் பாஸ்டர் மாத்திரை போட்டுக்கொண்டுதான் பிரசங்கம் செய்கிறார்.

சுகத்துக்காக ஜெபிப்பதை நான் விடப்போவதில்லை. ஆனால் எபிரெயர் 11-ம் அதிகாரத்தைச் சபையில் வாசிக்கும்போது பாதியில் நிறுத்திவிடுகிறோம் என்பது என் மனதில் நெடுநாளாக இருக்கிறது. விசுவாசத்தினாலே சிங்கங்களின் வாயை அடைத்தார்கள், பட்டயத்துக்குத் தப்பினார்கள் என்று வரும். அங்கே ஆமென் சத்தம் எழும்பும். அடுத்த வரிகளில், கல்லெறியுண்டவர்கள், வாளால் அறுப்புண்டவர்கள், குறைவையும் உபத்திரவத்தையும் துன்பத்தையும் அனுபவித்தவர்கள் வருகிறார்கள். தப்பினவர்களையும் தப்பாதவர்களையும் ஒரே அதிகாரம், ஒரே விசுவாசத்துக்காகத்தான் புகழ்கிறது. அந்தப் பையனின் அப்பா இரண்டாவது கூட்டத்தில் ஒருவர். டீச்சர், இதை அவனிடம் சொல்லலாம். என் பெயரிலேயே சொல்லலாம்.

கேள்விக்குறி

எல்லாரும் பையனைக் குற்றம் சொல்லாமல் விட்டது நல்லது. ஆனால் அவன் கேள்வி இன்னும் அப்படியேதான் இருக்கிறது. அவன் ஜெபித்தது சரி என்றால், அந்த ஜெபத்தைக் கேட்ட கடவுள் ஏன் செய்யவில்லை?

நான் சாயர்புரம் பக்கம். பாடகர் குழுவில் இருந்தவன். இப்போது வேலை சென்னையில், கோயில் போவது குறைந்துவிட்டது. 2004 டிசம்பர் 26 ஒரு ஞாயிற்றுக்கிழமை, கிறிஸ்துமஸுக்கு மறுநாள். கடற்கரை முழுக்க ஆராதனையும் பூசையும் நடந்துகொண்டிருந்த காலை நேரம். வேளாங்கண்ணிக்குப் போன யாத்திரீகர்கள் சுனாமி அலையில் போனார்கள். அப்போது எனக்கும் இந்தப் பிள்ளைகளின் வயதுதான். "பாவத்துக்குத் தண்டனை" என்று ஒருவர் சொன்னார், "சோதனை" என்று ஒருவர் சொன்னார், "நமக்குத் தெரியாத திட்டம்" என்று இன்னொருவர். இந்த மூன்றில் எதைச் சொன்னாலும் அந்தக் கடவுளைவிட அந்தத் தாய்மார்கள் நல்லவர்களாகத் தெரிந்தார்கள் எனக்கு.

உவரிக் கடற்கரை

தம்பி, நாங்க கத்தோலிக்கக் குடும்பம், எங்க வீடு அலைவாய்க்கரையிலதான். அன்னைக்குக் காலையில கடல் உள்வாங்குனத பாத்தவங்க நாங்க. விளக்கம் இருக்குன்னு யாராவது வந்தா எனக்கும் கோவந்தான் வரும்.

யோபு புத்தகத்த முழுசா படிச்சிப் பாருங்க. கூட்டாளிங்க மூணு பேரு வந்து ஏழு நாளு தரையில பேசாம உக்காந்திருப்பாவ. அந்த ஏழு நாளும் அவிய செஞ்சது சரி. பிறகு வாயத் திறந்து, "நீ என்னமோ பாவம் செஞ்சிருக்க, கடவுள் காரணமில்லாம செய்ய மாட்டாரு"ன்னு விளக்கம் சொல்ல ஆரம்பிப்பாவ. யோபு கடவுளையே நேரா வச்சி சண்டை போடுவாரு. கடைசி அதிகாரத்துல கடவுளுக்குக் கோவம் யாரு மேல? விளக்கம் சொன்னவங்க மேல. சண்டை போட்ட யோபு என்னைப் பத்திச் சரியாப் பேசுனான்னு சொல்லுதாரு. ஏன் துன்பம்னு அந்தப் புத்தகத்துல கடைசி வரைக்கும் பதில் கிடையாது.

எனக்குத் தெரிஞ்சது இவ்வளவுதான்: எங்க நம்பிக்கையில கடவுள் கரையில நின்னு பாத்துக்கிட்டு இருக்கல. சிலுவையில தொங்கி, "என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்"னு அவரே கேட்டாரு. பையன் கேட்ட கேள்விய அவரும் கேட்டிருக்காரு, அவருக்கும் அந்த நேரத்துல மேல இருந்து பதில் வரல. இது கணக்குக்கு விடை இல்ல, ஒத்துக்கிடுதேன். ஆனா பெரிய வெள்ளிக்கிழமை சிலுவையை முத்தமிடுதப்ப நாங்க கும்பிடுறது அவரத்தான், வேற ஒரு கடவுள இல்ல.

அந்தோணியார் கேள்விக்கும் சொல்லிருதேன். "எனக்காக வேண்டிக்கிடுங்க"ன்னு உங்க சபை குருவான ஐயர்ட்ட நீங்க கேப்பீங்க இல்லையா? செத்தவங்களும் கடவுள்ட்ட உயிரோடதான் இருக்காவன்னு நாங்க நம்புதோம், அதனால அவியட்டயும் கேக்கோம். ஆராதனை கடவுளுக்கு மட்டுந்தான். செவ்வாக்கிழமை உவரிக்கு வாரவங்க எல்லாரும் அந்த வித்தியாசம் தெரிஞ்சி வாராவளான்னா, இல்ல. அது எங்க சாமியார்மார் சொல்லிக்கொடுக்க வேண்டிய பாடம்.

பாளை வாத்தியார்

வரலாறு கற்பித்து ஓய்வுபெற்றவன். பெட்டியில் கேள்வி கேட்கச் சொன்ன டீச்சரை முதலில் பாராட்டுகிறேன். நம் கடற்கரையில் கிறிஸ்தவம் அச்சேறியதே கேள்வியும் பதிலுமாகத்தான். புன்னைக்காயலில் இருந்து உழைத்த போர்த்துகீசிய குரு அன்றீக் அடிகளார் 1578-ல் கொல்லத்தில் அச்சிட்ட தம்பிரான் வணக்கம், இந்திய மண்ணில் தமிழ் எழுத்தில் வந்த முதல் அச்சுப் புத்தகம், 16 பக்கம். அடுத்த ஆண்டு கொச்சியில் வந்த பெரிய ஞானோபதேசம் முழுக்க ஆசிரியர் கேட்க மாணவன் சொல்லும் உரையாடல். பின்னாளில் கேள்வியும் பதிலும் இரண்டும் மனப்பாடம் ஆகிப்போயின. உங்கள் பெட்டியில் கேட்பது பிள்ளைகள், பதில் சொல்ல வேண்டியது நாம். வரிசை மாறியிருக்கிறது, அது நல்ல மாற்றம்.

இயேசு இருந்தாரா என்ற கேள்விக்கு ஐயமில்லாமல் பதில் சொல்லலாம். கிறிஸ்தவர்களை வெறுத்த ரோம எழுத்தாளர் டாசிட்டஸ், இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், திபேரியு காலத்தில் பிலாத்து ஆளுகையில் கிறிஸ்து கொல்லப்பட்டதைக் குறிப்பிடுகிறார். யூத வரலாற்றாசிரியர் யோசேப்பஸ், "கிறிஸ்து எனப்பட்ட இயேசுவின் சகோதரன் யாக்கோபு" கொலையுண்டதை எழுதுகிறார். பிலாத்துவின் பெயர் பொறித்த கல் 1961-ல் செசரியாவில் கிடைத்தது. அவர் வாழ்ந்தார், சிலுவையில் இறந்தார் என்பதில், நம்பிக்கை இல்லாத வரலாற்றாசிரியர்களும் பெரும்பாலும் உடன்படுகிறார்கள்.

உயிர்த்தெழுந்தார் என்பது வேறு வகைக் கூற்று. அதைக் கல்வெட்டு நிரூபிக்காது. சாட்சி எவ்வளவு பழையது என்பதை மட்டும் காட்டலாம். 1 கொரிந்தியர் 15-ல், உயிர்த்தவரைக் கண்டவர்களின் பட்டியலைப் பவுல் தருகிறார். அந்தக் கடிதம் சிலுவைச் சாவுக்கு 25 ஆண்டுக்குள் எழுதப்பட்டது. பட்டியலையோ தனக்கு முந்தியவர்களிடமிருந்து பெற்றதாகச் சொல்கிறார். இவ்வளவையும் பிள்ளைகள் முன் வைத்து, "இதற்கு மேல் இருப்பது விசுவாசம்" என்று எல்லையைக் காட்டிவிடுங்கள். எல்லையை மறைத்துக் கற்பித்தால் கல்லூரிக்குப் போன முதல் வருடத்திலேயே எல்லாவற்றையும் சந்தேகிப்பார்கள்.

திரித்துவத்துக்குத் தண்ணீர், ஐஸ், ஆவி என்று பல வகுப்புகளில் சொல்கிறார்கள். வேண்டாம். ஒருவரே மூன்று வேடம் போடுகிறார் என்பதைத் திருச்சபை மூன்றாம் நூற்றாண்டிலேயே மறுத்துவிட்டது. அப்படியானால் இயேசு யாரிடம் ஜெபித்தார் என்று ஒரு பிள்ளை கேட்டால் பதில் இருக்காது. கடவுள் ஒருவரே என்று தினமும் அறிக்கையிட்ட யூதர்கள், இயேசுவைப் பணியத் தொடங்கினார்கள். ஒருவர் என்பதையும் விட முடியவில்லை, பணிந்ததையும் விட முடியவில்லை. அந்தச் சிக்கலை 325-ல் நிசேயாவிலும் 381-ல் கான்ஸ்டான்டிநோபிளிலும் உட்கார்ந்து சொற்களில் கட்டினார்கள். திருவிருந்து ஆராதனையில் நாம் சொல்லும் நிசேயா விசுவாசப் பிரமாணம் அங்கிருந்து வந்தது. யோர்தானில் இயேசு ஞானஸ்நானம் பெறும் காட்சியிலிருந்து தொடங்குங்கள்: குமாரன் தண்ணீரில், ஆவியானவர் இறங்க, பிதாவின் குரல். அந்த வயதுக்கு அது போதும்.

பொருநைக்கரை

நான் வேதக்காரன் இல்ல. ஸ்ரீவைகுண்டம் பக்கம், சாமி கும்பிடுற குடும்பம். ஆச்சி கேள்வியப் பாத்துட்டு எழுதணும்னு தோணிச்சு.

எங்க ஊருல ரெண்டு தெருவும் அடுத்தடுத்துதான். வேதக்கோயில் அசன விருந்துக்கு எங்க தாத்தா காலத்துல இருந்து எங்க தோட்டத்துக் கத்தரிக்கா போவுது. பந்தியில எங்களுக்கும் இலை விழும். எங்க கோயில் கொடைத் திருவிழாவுக்கு அவங்க வரி தர மாட்டாங்க, ஆனா பந்தக்காலுக்கு மூங்கில் தருவாங்க. கொடைப் பொங்கல அந்தப் பிள்ளைக வாங்காது. அதுல எங்களுக்கு வருத்தம் இல்ல, அவங்கவங்க முறை.

2023 டிசம்பர் வெள்ளத்துல ஸ்ரீவைகுண்டத்துல ரயில் நின்னுபோச்சு. அதுல நூத்துக்கணக்கான ஆளுக. புதுக்குடிக்காரங்க தங்க வீட்டு அரிசியப் போட்டு ஆக்கிப் போட்டாங்க. யாரு எந்தச் சாமின்னு யாரும் கேக்கல. எங்க தெருவுல தண்ணி ஏறுனப்ப வேதக்கோயில் மாடியில எங்கள ஏத்திக்கிட்டாங்க.

இப்ப நேராக் கேக்கேன். பிள்ளைய வளத்த அந்த ஆச்சிய உங்க சாமி எரிப்பாரா? ஆமான்னு நம்புறவரு இருந்தா என்கிட்ட ஆமான்னே சொல்லட்டும், கோவப்பட மாட்டேன். ஆனா அந்தப் பிள்ளை ஒவ்வொரு நாளும் ஆச்சி கையால சோறு திங்கும்போது மனசுல என்ன நினைக்கும்?

சீயோன் சகோதரன்

அண்ணாச்சி, நேராகக் கேட்டீர்கள், நேராகச் சொல்கிறேன். "என்னாலேயல்லாமல் ஒருவனும் பிதாவினிடத்தில் வரான்" என்று இயேசு சொன்னதை நான் நம்புகிறேன். அதை மாற்றிச் சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை. ஆனால் ஒரு மனுஷரைப் பார்த்து, இவர் நரகத்துக்குப் போவார் என்று சொல்லவும் எனக்கு அதிகாரம் இல்லை. தீர்ப்பு சொல்லும் நாற்காலி ஒன்றுதான், அதில் நான் உட்காரவில்லை. அந்த ஆச்சிக்காக அந்தப் பிள்ளை அன்போடு ஜெபிக்கட்டும். பயந்து அல்ல.

உவரிக் கடற்கரை

பொருநைக்கரை அண்ணாச்சிக்கு எங்க சபையில நடந்த ஒண்ணு சொல்லணும்.

1542-ல இந்தக் கரைக்கு வந்தவரு பிரான்சிஸ் சவேரியார். மணப்பாட்டுக் குகையில தங்குனவரு, விசுவாசப் பிரமாணத்தையும் ஜெபங்களையும் தமிழாக்கி, மனப்பாடம் பண்ணி, ஊரு ஊரா சொல்லிக்கொடுத்தவரு. பிறகு ஜப்பானுக்குப் போனாரு. அங்க ஞானஸ்நானம் வாங்குன மக்க இதே கேள்விய அவருட்டக் கேட்டாவ: எங்க தாய் தகப்பன், பாட்டன் பூட்டன் எல்லாம் எங்க இருக்காவ? அவிய மீட்பு பெற முடியாதுன்னு அவரு சொல்ல, மக்க அழுதாவ. அவிய அழுகுறதப் பாத்து தனக்கும் துக்கம் வருதுன்னு 1552-ல கொச்சியில இருந்து எழுதுன கடிதத்துல இருக்கு. பெரிய புனிதர், அவரு பேர எங்க வீட்டுலயே ரெண்டு பேருக்கு வச்சிருக்கோம். ஆனா அந்தப் பதில் கடைசிப் பதில் இல்ல.

1964-ல இரண்டாம் வத்திக்கான் சங்கம், தங்க குற்றம் இல்லாம கிறிஸ்துவ அறியாம, நேர்மையான மனசோட கடவுளத் தேடி, மனசாட்சி சொல்லுதபடி நடக்கிறவங்களும் மீட்பு அடைய முடியும்னு எழுதிருச்சு. 400 வருசம் ஆச்சு. அந்த அழுகை வீண் போகலன்னு நான் நினைக்கேன்.

பாளை வாத்தியார்

ரோமர் 2-ம் அதிகாரத்தையும் சேர்த்துப் படிக்கலாம்: நியாயப்பிரமாணம் இல்லாதவர்கள் இருதயத்தில் எழுதப்பட்டபடி நடப்பதைப் பவுல் பேசுகிறார். மத்தேயு 25-ல் நியாயத்தீர்ப்பன்று கேட்கப்படுவது பசித்தவனுக்குச் சோறு போட்டாயா என்பது. போட்டவர்களோ, "எப்போது உமக்குப் போட்டோம்?" என்று தெரியாமல் கேட்கிறார்கள். சீயோன் தம்பி காட்டிய யோவான் 14-ஐ வைத்துக்கொண்டு இதை அழிக்கவும் முடியாது, இதை வைத்துக்கொண்டு அதை அழிக்கவும் முடியாது. நான் ஆச்சியைப் பற்றி நம்பிக்கையோடு இருக்கிறேன். சீயோன் தம்பியும் நானும் இதில் ஒரே இடத்தில் நிற்கவில்லை. பிள்ளைகளுக்கு அதையும் சொல்லலாம்.

தேரிக்காட்டு டீச்சர்

எல்லாருக்கும் நன்றி. ஆனால் சாதிக் கேள்வியை யாரும் தொடவில்லை. பிள்ளைகள் கேட்டதிலேயே நாம் நேரடியாகப் பொறுப்பேற்க வேண்டியது அதுதான். துன்பத்தை நாம் உண்டாக்கவில்லை என்று சொல்லலாம். இதை நாம்தான் செய்துகொண்டிருக்கிறோம்.

உவரிக் கடற்கரை

வடக்கன்குளத்தச் சொல்லாம இதப் பேச முடியாது. 1745-ல தேவசகாயம் ஞானஸ்நானம் வாங்குனது அந்த ஊர்ல. திருவிதாங்கூர் அரண்மனையில பெரிய உத்தியோகத்துல இருந்த மனுசன், எல்லாச் சாதிக்காரங்க கூடவும் சமமாப் பழகுனாரு. 1752-ல கொன்னாவ. 2022 மே 15-ல புனிதர் பட்டம். அவரு ஞானஸ்நானம் வாங்குன அதே ஊர்க் கோயில்ல பிறகு சாதிக்கு ஒரு பக்கமா ஆளுகளப் பிரிச்சி சுவரு நின்னுச்சு. 1910-ல அத எடுத்தப்ப, தனியா இருக்குறது எங்க உரிமைன்னு வழக்குப் போட்டாவ. சென்னை உயர்நீதிமன்றம் வரைக்கும் போயி அந்த வழக்கு தோத்துச்சு. சுவரு போச்சு. கல்லறைத் தோட்டத்துல கோடு கிழிச்ச ஊரு இன்னும் இருக்கு. செத்த பிறகும் பிரிச்சி வைக்கிறவங்க, உயிர்த்தெழுதல நம்புதோம்னு எப்படிச் சொல்லுதாவ?

கேள்விக்குறி

நான் கோயிலை விட்டு விலகினதற்கு அலையைவிட இதுதான் பெரிய காரணம். ஞாயிறு அன்று "ஒரே சரீரம்" என்று பாடிவிட்டு, திங்கள் அன்று வரன் விளம்பரத்தில் "கிறிஸ்தவ" என்ற சொல்லுக்குப் பக்கத்திலேயே சாதிப் பெயரைப் போடுகிறார்கள். 1950-ல் வந்த குடியரசுத் தலைவர் ஆணையால் தலித் கிறிஸ்தவர்களுக்குப் பட்டியல் சாதி உரிமை கிடையாது. சீக்கியர்களுக்கு 1956-ல், பௌத்தர்களுக்கு 1990-ல் கிடைத்துவிட்டது. வெளியே அரசு "உங்கள் மதத்தில் சாதி இல்லையே" என்கிறது. உள்ளே சபை சாதி பார்க்கிறது. இரண்டு பக்கமும் அடி வாங்குவது ஒரே ஆட்கள்.

பாளை வாத்தியார்

மறுக்க ஒன்றுமில்லை. பாளையங்கோட்டைச் சபையை எழுப்பியவர் கிளாரிந்தா, ஒரு பிராமண விதவை. 1778-ல் ஜெர்மன் மிஷனரி சுவார்ட்ஸ் ஐயர் ஞானஸ்நானம் கொடுத்தார். 1785-ல் அந்த அம்மையார் முயற்சியில் கோயில் பிரதிஷ்டையானது. 1780-ல் சபைப் பட்டியலில் 40 பேர், பல சாதியினர். அங்கிருந்துதான் திருநெல்வேலி சபை வளர்ந்தது. 1799-ல், அடித்து விரட்டப்பட்ட விசுவாசிகளுக்காக உபதேசியார் டேவிட் சுந்தரானந்தம் நிலம் வாங்கி முதலூரை உண்டாக்கினார். ஒதுக்கப்பட்டவர்கள் தலைநிமிர ஊரும் பள்ளியும் கொடுத்த சபை இது. அதனால்தான், அதே சபைக்குள் ஒருவர் இன்னொருவரை ஒதுக்குவதை "ஊர் வழக்கம்" என்று விட்டுவிட முடியாது. ஞானஸ்நானத்தில் கொடுத்த வாக்கை முறிப்பது அது. வெள்ளாளன்விளையில் பிறந்த அசரியா பேராயர் 1910-ல் எடின்பரோ உலக மிஷனரி மாநாட்டில் வெள்ளைக்கார மிஷனரிகளைப் பார்த்து, எங்களுக்கு எவ்வளவோ கொடுத்தீர்கள், நண்பர்களைக் கொடுங்கள் என்று கேட்டார். ஒரே பந்தியில் உட்காராத நட்பை அவர் கேட்கவில்லை. நாம் இப்போது நமக்குள்ளேயே அதைக் கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

பிள்ளைகளிடம் "நம் சபையில் சாதி இல்லை" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள் டீச்சர். அவர்களுக்குத் தெரியும்.

வார்டு அக்கா

சொல்லுறதோட ஒண்ணு செய்யலாம். அந்த வகுப்புப் பிள்ளைகள் எல்லாரும் எல்லார் வீட்டுலயும் ஒரு வேளை சாப்பிடட்டும், ஒரு வீடு விடாம. எந்தத் தாய் தகப்பன் தடுக்காங்கன்னு பாருங்க. அவங்க வீட்டுக்கு ஐயரும் ஐயரம்மாவும் போகட்டும்.

தேரிக்காட்டு டீச்சர்

செய்கிறோம் அக்கா. சேகர குருவிடம் இன்றே பேசிவிட்டேன், சம்மதித்தார். அந்தப் பையனையும் அவன் அம்மாவையும் வீட்டில் போய்ப் பார்த்தேன். நீங்கள் சொன்ன இரண்டு வார்த்தையைச் சொன்னேன். அவன் ஒன்றும் பேசவில்லை. அம்மாதான், "இத எனக்கும் யாரும் சொல்லல டீச்சர்" என்றார்கள்.

கேள்விக்குறி

டீச்சர், பெட்டியில் என் கேள்வியையும் போட்டுக்கொள்ளுங்கள். நான் நம்புகிறேனா என்று எனக்கே தெரியவில்லை. சில நாள் நம்புகிறேன், பல நாள் இல்லை. பெரிய வெள்ளிக்கும் உயிர்த்தெழுந்த ஞாயிறுக்கும் அம்மாவோடு கோயிலுக்கு வருவேன். எல்லாரும் திருவிருந்துக்கு எழுந்து போகும்போது நான் பெஞ்சிலேயே உட்கார்ந்துவிடுகிறேன். அரை நம்பிக்கையோடு போய் முழங்காலிடுவது பொய் இல்லையா?

பாளை வாத்தியார்

தம்பி, மத்தேயுவின் கடைசி அதிகாரத்தில் உயிர்த்த இயேசுவைப் பதினொரு பேரும் மலையில் பார்க்கிறார்கள். "பணிந்துகொண்டார்கள், சிலரோ சந்தேகப்பட்டார்கள்" என்று இருக்கிறது. கண்ணால் கண்டும் சந்தேகம். அவர் சந்தேகப்பட்டவர்களைத் தனியே நிறுத்தவில்லை. அடுத்த வசனங்களிலேயே எல்லாரையும் சேர்த்துத்தான் உலகத்துக்கு அனுப்புகிறார். மாற்கு 9-ல் நோயுற்ற பிள்ளையின் தகப்பன் "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே! என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்று கதறுகிறான். இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னவனின் பிள்ளை சுகமானான்.

திருவிருந்துக்கு அழைக்கும்போது ஐயர் கேட்பது, மனந்திரும்புகிறாயா, அயலானோடு சமாதானமாய் இருக்கிறாயா என்பதை. கேள்வி இல்லாதவர்கள் மட்டும் வாருங்கள் என்று சொல்வதில்லை. பொய் சொல்லக்கூடாது என்று நினைக்கிற உங்கள் நேர்மைக்கு மதிப்புக் கொடுக்கிறேன். உங்களுக்குத் தெரிந்த ஒரு குருவிடம் ஆராதனைக்கு முன்னால் இதை இப்படியே சொல்லுங்கள். போக மனமில்லாத நாளில் பெஞ்சில் இருங்கள், அதுவும் ஆராதனைதான். போகத் தோன்றும் நாளில் அரைவாசி நம்பிக்கையோடேயே போங்கள்.

கேள்விக்குறி

நன்றி சார். பெரிய வெள்ளிக்கு ஊருக்கு வர ரயில் டிக்கெட் எடுத்திருக்கிறேன். வியாழன் சாயங்காலமே ஐயரைப் பார்க்கிறேன். டீச்சர், வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆட்சேபம் இல்லை என்றால் சனிக்கிழமை ஒரு மணி நேரம் நானும் வந்து உட்காருகிறேன். நம்பிக்கை குறைந்தவர்கள் என்ன யோசிக்கிறார்கள் என்று அவர்கள் என்னிடமே கேட்கட்டும்.

தேரிக்காட்டு டீச்சர்

வாருங்கள் தம்பி. காலை பத்து மணிக்கு, கோயிலுக்குப் பின்னால் உள்ள பள்ளிக்கூடத்தில். பொருநைக்கரை அண்ணாச்சிக்கும் அதே அழைப்பு. ஆச்சி கேள்வியை எழுதின பிள்ளை உங்களிடம் பேச வேண்டும் என்கிறது.